கோச்சக்காவின் தமிழ்

டொப்பூ... டொப். டொப்பூ... டொப்.

அந்தச் சத்தத்தில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். போனை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாற்காலியில் மட்டும் உட்கார வேண்டாம், ஒரு கால் ஆடும். விடிகிற நேரம், என் வீட்டு மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்து பட்டுத் திரும்புகிற சத்தம். முதல் நாள் யாரோ மாடியில் எதையோ இடிக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள்தான் காதுக்குப் பிடிபட்டது. இடது காலால் உதைத்தால் சத்தம் நீளம். வலது காலால் உதைத்தால் குட்டை. நெடில், குறில். நெடில், குறில். காலமெல்லாம் கல்லூரியில் கவிதை நடத்தியவளுடைய காது, சும்மா இருக்குமா? எழுந்து உட்கார்ந்து அந்தச் சந்தத்துக்கு இரண்டு வரி எழுதிவிட்டேன். அவர் இங்கே இருந்த இரண்டு வருஷமும் அந்தச் சந்தம் மாறவே இல்லை. ஜப்பானியர்களுடைய ஒழுங்கு அப்படி.

நீங்கள் தொமோயே இவகுராவைப் பற்றிக் கேட்கத்தான் சென்னையிலிருந்து இந்தப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறீர்கள். தெரியும். இப்போது அவருடைய ஊர்ப்பக்கத்தில் ஒரு பெண்கள் அணிக்கு மேனேஜர், அந்த அணி அங்கே பெரிய லீகுக்கு ஏறிவிட்டது என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். சந்தோஷம். எழுதுங்கள். ஆனால் அவருக்கு இந்த ஊரில் இருந்த தமிழ் முழுவதும் என்னுடையது. அதையும் எழுத வேண்டும். மரகதவல்லி, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை. ஆசிரியை என்று போட்டுவிடாதீர்கள். போன தடவை ஒரு பத்திரிகையில் அப்படித்தான் போட்டுவிட்டார்கள்.

எப்படி வந்தார் என்றால், சேமியா கம்பெனி ஆவுடையப்பன் அண்ணாச்சி ஜப்பானிலிருந்து ஒரு பாக்கெட் போடுகிற இயந்திரம் வாங்கினார். அதைப் பூட்ட வந்த இரண்டு பேரில் ஒருவர், அண்ணாச்சியின் அறையில் தொங்கிய படத்தைப் பார்த்தாராம். அண்ணாச்சி நடத்திய பெண்கள் கால்பந்து அணியின் படம். சுற்றுவட்டாரப் பிள்ளைகள், சட்டையில் பெரிய சேமியா பாக்கெட் படம், எல்லா மாட்சிலும் தோல்வி. அந்த ஜப்பானியர், "எங்கள் கம்பெனியிலும் ஒரு காலத்தில் பெண்கள் அணி இருந்தது. அதில் ஆடிய ஒருவர் அப்புறம் மேனேஜர் ஆனார், இப்போது வேலையில்லாமல் இருக்கிறார்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி உடனே, "இயந்திரத்தோட அந்தம்மாவையும் அனுப்புங்க" என்றாராம். அண்ணாச்சி அப்படித்தான்.

என்னிடம் வந்தார். "மேடம், அந்தம்மா பேசுத இங்கிலீஷ் நம்ம பிள்ளைகளுக்கு வெளங்காது. பிள்ளைக பேசுதது அந்தம்மாவுக்கு வெளங்காது. நீங்க நடுவுல நில்லுங்க. மாடி போர்ஷனும் சும்மாதான கெடக்கு."

நடுவில் நின்றேன். மாடியையும் கொடுத்தேன்.

அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள ஆசைப்பட்டேன், அறிமுகப்படுத்த வேண்டுமே. ஆனால் அவர் பேசுகிற ஆங்கிலம் இருக்கிறதே, தந்தி அடிப்பதுபோல. ஊர் எங்கே? "வடக்கு. பனி." சின்ன வயதில்? "பையன்களோடு ஆடினேன். வேறு பெண்கள் இல்லை." பள்ளிக்கூடம் முடித்ததும் இயந்திரக் கம்பெனி. மத்தியானம்வரை பட்டறையில் திருகாணி முடுக்குகிற வேலை, அதற்குமேல் கம்பெனி அணிக்கு ஆட்டம். மைதானம் ஆண்களுக்கு. பெண்கள் கிடங்குச் சுவரில் உதைத்துப் பழக வேண்டும். எல்லோருக்கும் பின்னால் நின்று கடைசியாகத் தடுப்பது அவருடைய இடம். ஒரு தடவை தேசிய அணியின் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஆட்டம் நின்றது. அப்புறம் கம்பெனிக்கு நஷ்டம், அணியைக் கலைத்தார்கள். அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கோச் ஆனார். பிறகு இரண்டாம் நிலை அணி ஒன்றுக்கு மேனேஜர். அந்த அணியை மேலே ஏற்றிவிட்டார். ஏற்றிய கையோடு ஒரு ஆண் மேனேஜரைக் கொண்டுவந்துவிட்டார்கள். "ஏன்?" என்று கேட்டேன். "மேல் லீக்" என்றார். அவ்வளவுதான் பதில். ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. உணர்ச்சியே இல்லை. யார் கேட்பார்கள் இதை?

வரவேற்பு விழாவில் நான்தான் மேடையில் பேசினேன். ஜப்பான் நாட்டுக்காக ஆடிய வீராங்கனை, உதயசூரியன் எழுகிற நாட்டின் கொடியை நெஞ்சில் தாங்கியவர் என்றெல்லாம் சொன்னேன். கைதட்டல் அடங்கவில்லை. பக்கத்தில் அவர் மெதுவாக, என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். உடனே மைக்கைப் பிடித்து ஆங்கிலத்தில், "இல்லை. நாட்டுக்கு ஆடவில்லை. முகாம் மட்டும்" என்றார். கூட்டம் என்னைப் பார்த்தது. நான், "தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்" என்று சொன்னேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். பார்த்தீர்களா, அவருடைய அடக்கம்கூட என் மூலமாகத்தான் ஊருக்குத் தெரிந்தது.

குறை என்று சொல்லக் கூடாது. ஆனால் மனதில் இருக்கிறதைச் சொல்ல வேண்டும் இல்லையா? வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கூடத்தில் பாய் போட்டு, இலை போட்டு, கூட்டாஞ்சோறு, அவியல், சொதி எல்லாம் செய்திருந்தேன். ஜப்பானியர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் என்று படித்திருக்கிறேனே, அந்த மரியாதைக்காகத்தான் பாய். அவர் பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இலையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு சமையலறை மேடையில் வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டார். "மிக நன்று, சென்செய்" என்றார். சென்செய் என்றால் ஆசான். அப்படித்தான் என்னைக் கூப்பிடுவார். ஆசான் கீழே உட்கார்ந்திருக்க, இவர் நின்றுகொண்டு சாப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

மைதானத்திலும் அப்படியே. நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். மாட்ச் முழுவதும் நிற்பார். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது. ஆடுகிற பிள்ளைகள் நிற்கும்போது தான் உட்காருவது மரியாதை இல்லை என்கிற எண்ணம். என்ன ஒரு பண்பாடு. அதை வைத்து ஒரு கவிதைகூட எழுதினேன். கோல் கீப்பர் ஜெபராணியிடம் படித்துக் காட்டினால் அவள், "மேடம், அவியளுக்கு முட்டு மடங்காதுல்லா, அதான் உக்கார மாட்டேங்காவ" என்கிறாள். பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை. எதையும் உடம்பாகவே பார்க்கும். கவிதை எப்படிப் புரியும்?

அந்தப் பிள்ளைகள் அவரைக் கோச்சக்கா என்று கூப்பிட்டார்கள். என்னை மேடம். இருக்கட்டும்.

அவருடைய முறையில் ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாட்ச் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருத்தியும் அன்றைக்குத் தான் செய்த தப்பைத் தானே சொல்ல வேண்டும். அடுத்தவள் தப்பைச் சொல்லக் கூடாது. முதலில் கோச்சக்காவே நின்றுகொண்டு தன் தப்பைச் சொல்வார். "நான் ஆளை மாற்றத் தாமதம் செய்தேன். மன்னிக்கவும்" என்று குனிவார். பிறகு பிள்ளைகள். நான் நடுவில் நின்று அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சொல்ல வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் வயசுப் பிள்ளையை நாலு பேர் நடுவில் உட்காரவைத்து உன் தப்பைச் சொல் என்றால் அது என்ன வழக்கம்? எனக்கு மனசு கேட்காது. இசக்கியம்மாள் என்று ஒருத்தி. கோச்சக்கா ஆடிய அதே இடம், கடைசித் தடுப்பு. அணியிலேயே அவள்தான் கெட்டி. அவள் ஒருநாள், "பந்து நேரா வந்துச்சு, பயத்துல மொகத்தத் திருப்பிட்டேன் கோச்சக்கா" என்றாள். நான் ஆங்கிலத்தில், "கண்ணில் வெயில் பட்டுவிட்டதாம்" என்று சொன்னேன். கோச்சக்கா வானத்தை அண்ணாந்து பார்த்தார். மேகமாக இருந்தது.

இந்தப் பக்கமும் அப்படித்தான். கோச்சக்கா ஒருத்தியைப் பார்த்து, "நீ ஓடவில்லை. நின்றாய். நாளைக்கு ஓடு" என்பார். அதை அப்படியே சொன்னால் பிள்ளை அழுதுவிடாதா? நான், "தாமிரபரணி எங்காவது நிற்கிறதா கண்ணே, நீயும் ஓடு" என்பேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஜெபராணி ஒருநாள் எனக்குக் கேட்கும்படியாகவே, "கோச்சக்கா நாலு வார்த்த பேசுனா மேடம் நாப்பது பேசுதாவ" என்றாள். வளமான மொழி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் விளக்கினேன். "ஆமா மேடம்" என்றாள்.

என்ன, கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளைகள் என்னைப் பார்க்காமல் அவர் கையைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர் உள்ளங்கையைக் கீழே அமர்த்தினால் பின்வாங்குவார்கள். இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு பேர் முன்னால் போவார்கள். "மோ இச்சிதோ" என்று ஒரு வார்த்தை. இன்னொரு தடவை என்று அர்த்தமாம். எல்லாம் மோ இச்சிதோதான். கடையில் டீ கேட்டால் மோ இச்சிதோ. பஸ்ஸைத் தவறவிட்டால் மோ இச்சிதோ. பஸ் ஸ்டாண்டில் இசக்கி ஒரு கண்டக்டரிடம், "அண்ணே, சில்லறையச் சரியா எண்ணல நீங்க, மோ இச்சிதோ" என்றாளாம். அந்த ஆள் மிரண்டுபோய்த் திரும்ப எண்ணினானாம். சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தமிழ் கெடுகிறதே என்று எனக்கு ஒரு வருத்தம்.

அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஏன் என்று கேட்டால் அண்ணாச்சி, சேமியா சத்தானது என்பார். நான் ஒன்றும் சொல்வதில்லை. பேச்சு மனிதர்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்சம் தண்ணீர் குடிக்கிறேன். நீங்களும் காப்பியைக் குடியுங்கள், ஆடை படிந்துவிட்டது.

இரண்டாம் வருஷம் மாநிலப் போட்டியில் இறுதிவரை வந்துவிட்டோம். இறுதி ஆட்டம் எங்கள் ஊரிலேயே. அதைப் பார்க்க ரயில்வேக்காரர்கள் வருகிறார்கள் என்று தகவல். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கப் பார்க்கிறார்கள். மூன்று இடம். இசக்கிக்கு ஒன்று நிச்சயம் என்று ஊரே சொன்னது. அவள் அம்மா பீடி சுற்றுகிறவள், இருமி இருமித் தேய்ந்த உடம்பு. "வேல கெடச்சிட்டுன்னா மறுநாளே அந்த பீடி முறத்தத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன் மேடம்" என்று இசக்கி சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கும் அவளிடம் தனிப் பிரியம். என் வார்த்தைகளை வாய் பார்த்துக்கொண்டு கேட்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். மற்றதெல்லாம் கையைப் பார்க்கிற கூட்டம்.

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் மழை. எல்லோரும் மைதானத்துக் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றோம். கோச்சக்கா வட்டம் போடச் சொன்னார். மாட்ச் இல்லாத நாளில் வட்டம் போட்டது அதுதான் முதல் தடவை. தானாகவே பேசினார். வழக்கத்தைவிட அதிகம். இன்றைக்கும் எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது.

"எனக்கு முட்டு வலித்தது. சொல்லவில்லை. சொன்னால் முகாம் போய்விடும் என்று பயம். ஒரு வருஷம் மறைத்தேன். முட்டு போயிற்று. ஆட்டம் போயிற்று. நீங்கள் யாரும் மறைக்க வேண்டாம். ப்ளீஸ்."

நான் ஒரு கணம் நின்றேன். மொழிபெயர்ப்பவருக்கு அந்த ஒரு கணம் முக்கியம். எடுப்பு இருக்கிறது, தொடுப்பு இருக்கிறது, முடிப்பு இல்லை. மேலே ஏறி ஏறி வந்து சடக்கென்று குழிக்குள் விழுகிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. நாம் ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால் இப்படிப் பேசுவோமா? வெளியே கிளம்பும்போது "போறேன்" என்றுகூடச் சொல்ல மாட்டோம், "போயிட்டு வாரேன்" என்போம். இவர் இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது போயிற்று, போயிற்று என்கிறார். மங்கலச் சொல்லில் அல்லவா முடிக்க வேண்டும்? அதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

நான் சொன்னேன்: "பிள்ளைகளே, எனக்கும் முழங்கால் வலித்தது. ஒரு வருஷம் அந்த வலியை உலகத்துக்குக் காட்டவில்லை. அருவி மேலே விழுந்துகொண்டே இருக்கிறது, பாறை என்றைக்காவது அழுகிறதா? நானும் அழவில்லை. அதனால்தான் என் நாடு என்னை அழைத்தது. நீங்களும் பாறையாக நில்லுங்கள். வெற்றி நம்முடையது."

மழைச் சத்தம், அந்தப் பேச்சு. இரண்டும் சேர்ந்து... நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். இசக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கோச்சக்காவுக்கு ஆச்சரியம். அவர்கள் அழுவதைப் பார்த்து, புரிந்துவிட்டது என்று தலையை ஆட்டினார். என்னைப் பார்த்து, "நன்றி, சென்செய்" என்று குனிந்தார். நன்றாகக் குனிந்தார். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. அவர் எப்படி மறந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இரண்டு நாள் கழித்து இசக்கி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேடம், முட்டுக்குள்ள என்னமோ கடகடங்குது. திரும்பும்போது வழுக்குத மாதிரி இருக்கு. கோச்சக்காட்ட சொல்லட்டா?"

நான் அவளை ஒன்றும் திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "கோச்சக்கா என்ன சொன்னாங்க, நினைவிருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு."

"சொல்லு பார்ப்போம்."

"பாறையா நிக்கணும்."

"அவங்க ஒரு வருஷம் தாங்கினாங்க. உனக்கு இன்னும் அஞ்சு நாள்தானே? ரயில்வேக்காரங்க ஒருதரம் பார்த்துட்டாங்கன்னா அப்புறம் எத்தனை நாள் வேணும்னாலும் படுத்துக்கலாம்."

"சரி மேடம்" என்றாள். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். லேசாகச் சாய்ந்து நடந்தாள். பிறகு நிமிர்ந்து நடந்தாள். என் வார்த்தை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவளுக்காகத்தான் சொன்னேன். எனக்கு என்ன லாபம் அதில்?

இறுதி ஆட்டம். ஊர் முழுக்கக் கூட்டம். அண்ணாச்சி அல்வாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். எனக்குக் கோச்சக்கா பக்கத்தில் நாற்காலி. அவர் நின்றுகொண்டிருந்தார். பாதி நேரத்துக்கு முன்னால் நாங்கள் ஒரு கோல் போட்டாயிற்று. ரயில்வேக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். இசக்கி ஆடினாள் பாருங்கள், அப்படி ஒரு ஆட்டம் நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பந்து. பக்கத்தில் ஆள்கூட இல்லை. திரும்பி வெளியே உதைக்க வேண்டியதுதான். கால் நின்றது, உடம்பு திரும்பியது.

அவள் கத்தவில்லை. அதைச் சொல்ல வேண்டும். விழுந்து மண்ணைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கத்தவே இல்லை.

கோச்சக்கா ஓடினார். அவர் ஓடி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஒரு காலை வீசி வீசி, உடம்பு ஒரு பக்கம் சரிந்து... அழகாக இல்லை. கால்பந்துக்காரர் ஓட்டம் மாதிரியே இல்லை.

மிச்ச நேரத்தைச் சமாளித்து ஜெயித்துவிட்டோம். பட்டாசு போட்டார்கள். கோச்சக்கா அல்வாவைத் தொடவில்லை. இசக்கியை மைதானத்து ஓரத்தில் ஸ்ட்ரெச்சரில் வைத்திருந்தார்கள், ஆம்புலன்ஸ் வரத் தாமதம். பக்கத்தில் குனிய முடியாமல் குனிந்து, "ஏன் சொல்லவில்லை? வலி எப்போது வந்தது? ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

இசக்கி அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். "நீங்கதான கோச்சக்கா சொன்னீய, வலிய வெளிய காட்டக் கூடாதுன்னு."

கோச்சக்கா என்னைப் பார்த்தார். நான், "உங்களுக்காகத்தான் ஆடினாளாம்" என்று சொன்னேன். அது பொய்யா? அவள் சொன்னதன் சாரம் அதுதானே?

ஜெபராணி கையுறையைக் கழற்றிக்கொண்டே பக்கத்தில் நின்றாள். யாரும் கேட்காமல் குறுக்கே வந்தாள். "நோ, கோச். யூ டோல்ட் ஹைட். ரெயின் டே. மேடம் டோல்ட், யூ டோல்ட், ஹைட் பெயின்." நீங்கள்தான் மறைக்கச் சொன்னீர்கள், மழை நாளில், என்கிறாளாம். அதுவும் ஒரு ஆங்கிலமா? ஒரு வினைச்சொல்லாவது உருப்படியாக இருக்கிறதா? ஆனால் கோச்சக்காவுக்குப் புரிந்துவிட்டது. உடைந்த பேச்சு உடைந்த பேச்சுக்குப் புரியும் போலிருக்கிறது.

என்னிடம் திரும்பினார். "சென்செய். மழை நாள். நான் சொன்னது. நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"சாரத்தைச் சொன்னேன்" என்றேன்.

"கடைசி வாக்கியம்?"

"அந்த நேரத்தில் அது வேண்டாம் என்று பட்டது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில். பிறகு ஆம்புலன்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் நடந்ததை ஜெபராணி சொல்லித்தான் தெரியும், என்னை யாரும் கூப்பிடவில்லை. கட்டில் முன்னால் நின்று இசக்கிக்கும் அவள் அம்மாவுக்கும் கோச்சக்கா குனிந்தாராம். குனிந்தவர் நிமிரவே இல்லையாம். அந்த அம்மா பதறிப்போய், "ஏம்மா குனியுதீய, எந்திரிங்க, நீங்க என்ன செய்வீய" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாளாம். பிறகு இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் ரொம்ப நேரம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்களாம். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. நான் இல்லாமல் என்ன பேசியிருக்க முடியும், சொல்லுங்கள். ஒரு கோச் தன் மாணவிக்குக் குனிவது அதிகம் என்றுதான் எனக்கு இன்றைக்கும் படுகிறது.

மறுநாள் மைதானத்துக்குப் போனேன். என் நாற்காலி இல்லை. பந்தல்காரர் எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன். சாயங்காலம் கோச்சக்கா கீழே இறங்கி வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், ஒவ்வொரு படியாக, எப்போதும் இறங்குகிற மாதிரி. வாசலில் நின்று, "சென்செய். இதுவரை நன்றி. இனி ஓய்வு எடுங்கள்" என்றார். எனக்கா ஓய்வு? ஏற்கெனவே ஓய்வுபெற்றவள் நான். அவருக்கு என்னிடம் பொறாமை என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். பிள்ளைகளை அழவைத்தது என் பேச்சு, அவர் பேச்சு இல்லை. அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு வேறு எதையோ கேட்டார்.

அதன்பிறகு அந்த வட்டத்தில் நடுவில் யாரும் நிற்கவில்லையாம். பிள்ளைகள் தமிழில் சொல்வார்களாம், அவர் கேட்பாராம். எங்கே வலிக்கிறது என்பதை மட்டும் தொட்டுக் காட்ட வேண்டுமாம். தினமும் ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டுமாம். என்ன மொழி அது? ஊமைகள் மாதிரி.

அந்தப் பருவம் முடிந்ததும் கிளம்பிவிட்டார். வழியனுப்பு விழாவுக்காக நான் ஒரு கவிதை எழுதி வைத்திருந்தேன். விழா நடக்கவில்லை. ஒருநாள் விடிகாலையில் பந்துச் சத்தம் கேட்கவில்லை, பெட்டி படியில் இடிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து வந்தேன். ஜெபராணியும் இன்னும் நாலு பேரும் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோச்சக்கா என் முன்னால் நின்று குனிந்தார். "போகிறேன், சென்செய்" என்றார். தமிழில். போய் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லிக்கொடுத்திருப்பேன். கடைசிவரை அது அவருக்கு வரவில்லை.

அந்தக் கவிதை உள்ளே இருக்கிறது. எடுத்து வரட்டுமா? நெடில் குறில் சந்தத்திலேயே எழுதியது. வேண்டாமா? சரி. இன்னொரு சமயம்.

ராத்திரி தூக்கம் வராதபோது அந்த மழை நாளை நினைத்துப் பார்ப்பேன். இந்த வயதில் அப்படித்தான், ஏதாவது ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அப்புறம் என்னுடையதைச் சொல்லிப் பார்ப்பேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்த்திருந்தால் பேச்சு நன்றாக வந்திருக்காது. இல்லை, வந்திருக்காது. நீங்களும் எழுதுகிறவர்தானே, நீங்களே சொல்லுங்கள்.

இசக்கியா? ரயில்வேயில் வேறு மூன்று பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றுதான் சொன்னார்கள், அண்ணாச்சிதான் பார்த்துக்கொண்டார். அவள் அம்மா இன்னமும் பீடிதான் சுற்றுகிறாள். இசக்கி இப்போது பின்தெருப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பெண்களுக்குக் கோச். சாயங்காலம் நீங்கள் இருந்தால் மாடியிலிருந்தே பார்க்கலாம். போன மாதம் அந்தப் பக்கமாகப் போனபோது, பாவம் வெயிலில் நிற்கிறாளே என்று பள்ளிக்கூடத்து வாட்ச்மேனிடம் சொல்லி ஒரு நாற்காலி போடச் சொன்னேன். போட்டான். அவள் எனக்குக் கும்பிடு போட்டாள். ஆட்டம் முடிகிறவரை நின்றுகொண்டேதான் இருந்தாள்.